டயல் இல்லாத டெலிபோன்

எண்பதுகளின் நடுவில் நான் கிள்ளானில் ஒரு மாடி அறையில் வேலை பார்த்தேன். அதற்கு முன் கோலாலம்பூரில் ஒரு தமிழ்ப் பத்திரிகையில் துணையாசிரியராக இருந்தேன். பத்திரிகை நின்றுபோனது. அங்கே மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருந்த ஒரு முதலாளி, கிள்ளான் துறைமுகத்தில் இறங்கும் தன் சரக்கைச் சுங்கத்திலிருந்து எடுத்து அனுப்ப ஆள் தேடிக்கொண்டிருந்தார். மூன்று மொழிகளில் கடிதம் எழுதத் தெரிந்தவன் என்று என்னைச் சேர்த்துக்கொண்டார். தலைமை அலுவலகம் கோலாலம்பூரில், பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் இருந்தது. கிள்ளான் அலுவலகம் என்பது ஒரு மேசை, ஒரு இரும்பு அலமாரி, ஒரு மின்விசிறி, நான்.

மேசைமேல் ஒரு கறுப்பு டெலிபோன் இருந்தது. டயல் இருக்க வேண்டிய இடத்தில் வட்டமாக ஒரு மூடி மட்டும். எனக்கு முன்னால் அந்த அறையில் இருந்தவர் பினாங்கில் யாருடனோ நாள் முழுக்கப் பேசிக்கொண்டிருந்தாராம். அதற்குப் பிறகு முதலாளி செய்த ஏற்பாடு அது. ரிசீவரை எடுத்தால் தனி லைன் வழியாகப் பிரிக்பீல்ட்ஸில் ஆபரேட்டரின் பலகையில் ஒரு விளக்கு எரியும். "சொல்லுங்க அண்ணே" என்று ஒரு பெண்குரல் வரும். எண்ணைச் சொன்னால் அவர் வெளிலைன் ஒன்றைப் பிடித்து இணைத்துக் கொடுப்பார்.

கப்பல் ஏஜெண்டின் அலுவலகம் தெருவுக்கு எதிர்ப்பக்கம், அதுவும் மாடியில். என் சன்னலிலிருந்து பார்த்தால் அங்கிருந்த குமாஸ்தாவின் சட்டைப்பையில் செருகியிருந்த பேனா தெரியும். அவரிடம் பேச வேண்டுமென்றால் நான் பிரிக்பீல்ட்ஸைக் கேட்க வேண்டும். என் குரல் கோலாலம்பூர் போய், அங்கிருந்து திரும்பி, அதே தெருவுக்கு வரும். அவர் ரிசீவரை எடுப்பதைப் பார்த்துவிட்டு நான் பேச்சைத் தொடங்குவேன். ஒருநாள் அவர் சன்னல் வழியாகத் தலையை நீட்டிக் கத்தினார்.

"அண்ணே! உங்க போன் கேஎல் சுத்திட்டு வர்றதுக்குள்ள நீங்க இறங்கி வந்து ஒரு தே தாரிக் குடிச்சிட்டே போயிருக்கலாம்லா!"

கீழே லோரிக்காரர்கள் சிரித்தார்கள்.

பிரிக்பீல்ட்ஸில் வெளிலைன்கள் குறைவு. பெரும்பாலும் காத்திருக்க வேண்டும். "லைன் இல்ல அண்ணே, இருங்க" என்பார் ஆபரேட்டர். ஆனால் என்னைத் துண்டிக்க மாட்டார். துண்டித்தால் நான் மறுபடி விளக்கை எரிய வைப்பேன், அவருக்கு இரட்டை வேலை. ஆகவே இருபக்கமும் லைன் திறந்தே இருக்கும். அவருக்குப் பின்னால் ரயில் போவது எனக்குக் கேட்கும். என் பக்கத்து லோரிகள் அவருக்குக் கேட்டிருக்கும். அப்படி ஒரு காத்திருப்பில்தான் அவர் கேட்டார்:

"அங்க மழையா அண்ணே?"

மேற்கிலிருந்து மழை வரும் நாட்களில் கிள்ளான் முதலில் இருட்டும். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அது பிரிக்பீல்ட்ஸுக்குப் போய்ச் சேரும். அவர் குடியிருந்தது அலுவலகத்தின் பின்புறம் இருந்த ரயில்வே குவார்ட்டர்ஸில். காலையில் துணியைக் காயப்போட்டுவிட்டு வேலைக்கு வருவார். மழை வருகிறதென்று முன்கூட்டித் தெரிந்தால் பின்வாசலில் நின்று ஒரு குரல் கொடுப்பார், பக்கத்து வீட்டம்மா எடுத்து வைத்துவிடுவார்.

அதற்குப் பிறகு அது வழக்கமானது. மதியத்துக்கு மேல் நான் ரிசீவரை எடுத்தால், எண்ணைக் கேட்குமுன் வானத்தைக் கேட்பார். நான் சன்னல் வழியாக எட்டிப் பார்த்துச் சொல்வேன்.

"மேற்கே கறுத்திருக்கு. காற்று இல்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் இன்னும் வெளிச்சம் இருக்கு."

"ரேடியோ நியூஸ் மாதிரி படிக்கிறீங்க. துணிய எடுக்கவா வேணாமா, அத சொல்லுங்க அண்ணே."

"எடுங்க."

"சரி. இப்ப நம்பர் சொல்லுங்க."

அவ்வளவுதான் பேச்சு. அவருக்குக் குடும்பம் இருந்ததா, என்ன வயது, எதுவும் எனக்குத் தெரியாது. நான் அவரைப் பெயரோ முறையோ சொல்லி அழைத்ததில்லை. ரிசீவரை எடுத்ததுமே யாரென்று அவருக்குத் தெரிந்துவிடுவதால் அழைக்க வேண்டிய தேவையும் இல்லை. மாலையில் அறைக்குப் போவேன். வீட்டுக்காரர் ஹொக்கியன் பேசும் சீனர், தலையை மட்டும் அசைப்பார். சாப்பாட்டுக் கடையில் சொல்ல வேண்டியது எதுவும் கிடையாது, தட்டு தானே வந்துவிடும். சரக்கைப் பற்றி அல்லாமல் யாரிடமாவது நான் பேசியது, பல நாட்களில், அந்த மேகத்தைப் பற்றி மட்டுமே.

இருந்தும் டெலிபோனைப் பற்றி முதலாளிக்குப் புகார் எழுதியது நான்தான். ஏஜெண்டைப் பிடிக்கத் தாமதமாகி ஒரு சரக்கு கிடங்கிலேயே தங்கிவிட்டது. ஆபரேட்டர் இல்லாமலே இணைக்கும் புது பிஏபிஎக்ஸ் பெட்டி போடப் போவதாகப் பதில் வந்தது. கூடவே, யாருக்கு எந்தெந்த அழைப்பை அனுமதிப்பது என்று அட்டவணை எழுத என்னைப் பிரிக்பீல்ட்ஸுக்கு வரச் சொன்னார்.

முதலாளியின் அறையில் அவரும் தலைமைக் கணக்கரும் இருந்தார்கள். விற்பனைக் கம்பெனியின் டெக்னீஷியன் கொடுத்த தாளில் நான்கு தரங்கள் இருந்தன: அலுவலகத்துக்குள் மட்டும், கோலாலம்பூரும் சுற்றுவட்டாரமும், நாடு முழுக்க, வெளிநாடு. நான் ஆட்களை ஒவ்வொருவராக வாசித்தேன்.

"ஸ்டோர் கீப்பர்?"

"உள்ளுக்குள்ள மட்டும்" என்றார் முதலாளி. "வெளிய விட்டா நாலு நம்பர் லாட்டரி ரிசல்ட் கேக்கவே நேரம் சரியா இருக்கும் அவனுக்கு."

"சேல்ஸ்காரர்?"

கணக்கர் குறுக்கிட்டார். "பாஸ், டெங்கில்ல அவரு மாமியார் வீட்டுச் சண்டை பூரா நம்ம லைன்லதான் நடக்குது."

"அப்ப நாடு முழுக்கக் குடுக்காதீங்க. டெங்கிலோட நிக்கட்டும்."

வெளிலைன்களை எப்படி ஒதுக்குவது என்று வந்தபோது நான் ஒன்று சொன்னேன். மெயின் எண்ணுக்கு வரும் முதல் இரண்டு லைன்களை நம் ஆட்கள் வெளியே பேச எடுக்கக் கூடாது, அவை வாடிக்கையாளர் கூப்பிடுவதற்கு. எங்கள் ஆட்கள் பேசுவதற்குக் கடைசி லைனிலிருந்து மேலே வர வேண்டும். பத்திரிகையில் எங்கேஜ்ட் டோன் கேட்டு ஓடிப்போன விளம்பரதாரர்களை எனக்குத் தெரியும்.

"இதான் பேப்பர்காரர் மூளைங்கிறது" என்றார் முதலாளி. "எழுதிக்கோங்க. அப்ப கிள்ளான்?"

என் கட்டத்தை நான் காலியாக விட்டிருந்தேன். டயல் கிடைத்தால் ஆபரேட்டர் வழியாகப் போக வேண்டியதில்லை என்பது எனக்கு அந்த மேசையில்தான் முழுதாக உறைத்தது.

"இப்ப இருக்கிறது மாதிரியே இருந்தாலும் சமாளிக்கலாம்" என்றேன்.

"என்ன பேப்பர்காரரே, புகார் எழுதினதே நீங்கதானே? டைரக்ட் எழுதுங்க. ஓவர்சீஸும் வேணுமா?"

"அங்கே எனக்கு யாரும் இல்லை பாஸ்."

"இங்க மட்டும் யாரு இருக்கா உங்களுக்கு?"

கணக்கர் சிரித்தார். நானும் சிரித்தேன். நாடு முழுக்க, நேரடி என்று எழுதினேன்.

வெளியே வரும்போது மாடிப்படிக்குக் கீழே ஆபரேட்டரின் இடத்தைக் கடந்தேன். கதவு திறந்திருந்தது. பலகையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். பின்னலும், காதின்மேல் ஓடிய ஹெட்போனின் கறுப்புப் பட்டையும் தெரிந்தன. யாருக்கோ "லைன் இல்ல, கொஞ்சம் இருங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். வேலையில் இருப்பவரை எதற்குக் கூப்பிடுவது என்று வந்துவிட்டேன்.

புது டெலிபோன் சாம்பல் நிறம், பொத்தான்கள். ஒன்பதை அழுத்தினால் வெளிலைன், சைபரை அழுத்தினால் ஆபரேட்டர். வேலை சுலபமானது. எதிர் சன்னல் குமாஸ்தா உடனே எடுத்தார். "அண்ணே, இப்ப நீங்க கிள்ளான்காரர்லா" என்றார். ஏஜெண்ட், சுங்கம், லோரி கம்பெனி என்று எல்லாரிடமும் காலையிலேயே பேசி முடித்துவிடுவேன். பிற்பகலில் மின்விசிறி சுற்றும்.

சில நாட்கள் கழித்து நான் சைபரை அழுத்தி ஏஜெண்டின் எண்ணைச் சொன்னேன். மறுநாளும் சொன்னேன். மூன்றாம் முறை அவர் கேட்டார்:

"உங்களுக்கு டைரக்ட் குடுத்தாச்சே அண்ணே. லைன் சரியில்லையா?"

நான் ரிசீவரை மறுகாதுக்கு மாற்றினேன்.

"அப்பவே நெனச்சேன், புதுச் சாமான்ல இதான் தொல்லை. இருங்க, டெக்னீஷியன அனுப்பச் சொல்றேன். பாவம், நீங்க எத்தன நாளா கஷ்டப்படுறீங்க."

அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார். நான் வேண்டாமென்று சொல்லவில்லை. சொன்னால் காரணம் சொல்ல வேண்டியிருக்கும்.

டெக்னீஷியன் ஸ்ரீ கெம்பாங்கானிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்தார், தொப்பை விழுந்த, நிதானமான மனிதர். ஒன்பதை அழுத்திக் கேட்டார். மறுபடி அழுத்திக் கேட்டார்.

"லைன் ஓகேலா பாஸ். ஒருவேள ஒன்பது அடிச்சிட்டு டோன் வர்றதுக்கு முன்னாடியே நம்பர் அடிக்கிறீங்க. நெறைய பேரு அப்பிடித்தான்."

"இருக்கலாம்."

"எப்பிடி இருந்தாலும் சரி. கிள்ளான்ல உங்களுக்குத் தனியா ஒரு லைன் இழுத்து இதுல நேரா போட்டுக் குடுக்கச் சொல்லி உங்க முதலாளி ஆர்டர். இனிமே ஒன்பதும் வேணாம். தூக்குங்க, அடிங்க, பேசுங்க. யாரையும் கேக்க வேணாம்."

"ஆபரேட்டர் வேணுமென்றால்?"

"உங்களுக்கு எதுக்கு ஆபரேட்டர்?" என்றார். கருவிகளைப் பையில் போட்டபடி, "அவசரம்னா ஆபீஸ் மெயின் நம்பர அடிங்க. எல்லாரும் கூப்பிடற மாதிரி."

அந்த வாரத்தில் ஒரு பிற்பகல், ஆற்றுக்கு அந்தப் பக்கம் கறுத்தது. காற்று எழும்பி எதிர் மாடியின் பெயர்ப்பலகையை ஆட்டியது. ரிசீவரை எடுத்தேன், வெளிலைனின் இரைச்சல் வந்தது. மெயின் எண்ணை அடித்தேன். மணி அடித்ததும் அவர் எடுத்து, கம்பெனியின் பெயரைச் சொல்லி ஆங்கிலத்தில் வணக்கம் சொன்னார். அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதில்லை. தெளிவான, சற்று உயர்ந்த குரல்.

"மேற்கே கறுத்திருக்கு" என்றேன்.

"சாரி, ஹூ இஸ் திஸ்?"

"கிள்ளான்."

"ஐயோ, அண்ணனா? வெளிலேருந்து வரும்போது கொரலே வேற மாதிரி இருக்கு. என்ன ஆச்சு, லைன் மறுபடி போயிருச்சா?"

"இல்லை. லைன் நல்லா இருக்கு. மழை..."

"அண்ணே, ஒரு நிமிஷம் இருங்க, கஸ்டமர் அடிக்கிறாங்க."

புதுப் பெட்டியில் காத்திருப்பவர்களுக்கு ஒரு மெட்டு ஒலிக்கும். அது சுற்றிச் சுற்றி வந்தது. அதன் பின்னால் ரயில் சத்தம் இல்லை. நான் பிடித்துக்கொண்டிருந்தது முதல் இரண்டு லைன்களில் ஒன்று, வாடிக்கையாளருக்கென்று நானே எழுதி வைத்த லைன். மெட்டு மூன்றாவது முறை தொடங்கியபோது ரிசீவரை வைத்துவிட்டேன்.

மழை தெருவைத் தாண்டி வந்தது. எதிரே குமாஸ்தா எனக்குக் கையசைத்துவிட்டுச் சன்னலைச் சாத்தினார். அன்று பிரிக்பீல்ட்ஸில் பெய்ததா என்று எனக்குத் தெரியாது.