லைட்டு எரியுதும்மா

என் சைக்கிளுக்கு லைட்டு வந்தது ஒரு பால் வேனால்.

எங்கள் வீடு கள்ளக்குறிச்சியில். நான் வேலை பார்க்கும் கிளை நூலகம், கச்சிராயபாளையம் போகும் சாலையில் ஆறு கிலோமீட்டர் தள்ளி ஒரு கிராமத்தில் இருக்கிறது. ஸ்கூட்டி ஓட்டக் கற்றுக்கொண்ட மூன்றாம் நாள் ஒரு வைக்கோல் போருக்குள் புகுந்துவிட்டேன். அதற்குப் பிறகு சைக்கிள்தான். பஸ்ஸில் போகலாம். ஆனால் நான் கிளம்பும் நேரத்துக்கு எல்லாப் பஸ்ஸும் எதிர்த்திசையில்தான் வரும். அவற்றில் ஒன்றில் என் கணவர் கண்டக்டர். தனியார் பஸ். மலையடிவாரத்தில் ஆட்களை ஏற்றிக்கொண்டு கள்ளக்குறிச்சி வழியாக உளுந்தூர்பேட்டை போவார். புளியமரங்கள் வரிசையாக நிற்கும் இடத்தில் தினமும் காலையில் ஒருவரையொருவர் கடப்போம். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் நாங்கள் நேரம் தவறாமல் சந்தித்துக்கொண்ட இடம் அது ஒன்றுதான்.

அந்தச் சாலையில் ஒரு கோளாறு உண்டு. காலையில் நான் மேற்கே போகிறேன், சாயங்காலம் கிழக்கே திரும்புகிறேன். இரண்டு வேளையும் சூரியன் என் முதுகில், எதிரே வருகிறவர் கண்ணில். போதாததற்குப் புளியமர நிழல் வேறு. வெயிலும் நிழலுமாக ரோடே புள்ளி புள்ளியாகக் கிடக்கும்.

கரும்பு வெட்டு நடந்த மாசத்தில் ஒரு நாள் காலை, கரும்பு டிராக்டரை முந்திக்கொண்டு ஒரு பால் வேன் நேராக என் பக்கம் வந்தது. ஹேண்டிலை ஒடித்தேன். சைக்கிள் சாலையோரத்தில் விழுந்தது, நான் அதையும் தாண்டி வாய்க்காலில் விழுந்தேன். முழங்கால் அளவுத் தண்ணீர்தான். நூலகச் சாவியும் தயிர் சாதமும் என்னோடு சேர்ந்து நனைந்தன.

வேன்காரர் நல்ல மனுஷர். நிறுத்திவிட்டு ஓடிவந்து கைகொடுத்துத் தூக்கிவிட்டார்.

"சத்தியமா தெரியலைங்க. மரம்தான் தெரிஞ்சுது, நீங்க தெரியல."

மரம் தெரிந்ததில் ஆச்சரியமில்லை. ஒவ்வொரு மரத்துக்கும் இடுப்பளவில் பட்டை அடித்து நம்பர் போட்டிருக்கிறார்கள். நான் அன்று கட்டியிருந்தது இலைப்பச்சைப் புடவை. எனக்குப் பட்டையும் இல்லை, நம்பரும் இல்லை.

சாயங்காலம் விஷயத்தைச் சொன்னதும் என் கணவர், "ஓரமா போவக் கூடாதா?" என்றார்.

"ஓரமா போனதாலதான் வாய்க்கால்ல விழுந்தேன்," என்றேன்.

மறுநாள் நூலகத்துக்கு விடுமுறை. சைக்கிள் சாமான் விற்கும் பாய் கடைக்குப் போனேன். முன்னால் ஒரு வெள்ளை லைட்டு, பின்னால் ஒரு சிவப்பு, இரண்டும் சார்ஜ் போடுகிற மாதிரி வேண்டும் என்றேன்.

"லைப்ரரியில வேலை முடிய இருட்டிடுதாம்மா?" என்று பாய் அக்கறையாகக் கேட்டார்.

"இல்லை பாய். பகல்ல போட."

பாய் என்னைப் பார்த்தார். பிறகு தெருவில் அடித்துக்கொண்டிருந்த வெயிலைப் பார்த்தார். எரிகிறதா என்று காட்டுவதற்காக லைட்டை மேஜைக்கு அடியில் கொண்டுபோனார். "குனிஞ்சு பாருங்க. இது நிதானமா மின்னுது, இது வேகமா மின்னுது." இரண்டு பேரும் மேஜைக்கு அடியில் தலையை விட்டுக்கொண்டிருந்தபோது டியூப் வாங்க வந்த ஒருவர், "இன்னா பாய் தேடறீங்க?" என்று தானும் குனிந்தார்.

"பாய், இருட்டுல எரியறதைப் பாத்து நான் இன்னா பண்றது? வெயில்ல பாக்கணும்."

பாய் அதில் நியாயம் இருப்பதை ஒத்துக்கொண்டார். லைட்டை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, தெருவில் தையல் கடை வரைக்கும் நடந்துபோய்த் திரும்பி நின்றார். "தெரியுதாம்மா?" நடுமத்தியானம். பாயின் முகம் தெரியவில்லை, லைட்டு தெரிந்தது.

முதல் நாள் வேகமாக மின்னும்படி வைத்துக்கொண்டு கிளம்பினேன். நம் ஊரில் ஒரு நல்ல பழக்கம் உண்டு. பகலில் வண்டியில் லைட்டு எரிந்தால் அதை உரியவரிடம் சொல்லாமல் யாரும் போக மாட்டார்கள். எதிரே வருகிறவர்கள் ஐந்து விரலையும் குவித்துக் குவித்து விரிப்பார்கள். முதலில் ஒரு மோட்டார் பைக்காரர். பிறகு ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும், ஆளுக்கொரு கையாக. பதினெட்டு வரை எண்ணினேன், அப்புறம் விட்டுவிட்டேன். ஒருவர் என்னைக் கடந்துபோன பிறகு மனசு கேட்காமல் வண்டியைத் திருப்பிக்கொண்டு அரை கிலோமீட்டர் துரத்தி வந்தார்.

"லைட்டு எரியுதும்மா."

"தெரியுங்க."

"அணைக்கலையா?"

"வேணும்னுதான் போட்டிருக்கேன்."

அவர் என்னை இரக்கத்தோடு பார்த்துவிட்டு, "சரிம்மா, பாத்துப் போ," என்று திரும்பிப் போனார்.

டீக்கடையில் சைக்கிளை நிறுத்தினால் யாராவது வந்து அணைத்துவிடுவார்கள். அணைத்துவிட்டு என்னிடம் வந்து சொல்லவும் சொல்வார்கள். நான் நன்றி சொல்லிவிட்டு, கொஞ்ச தூரம் தள்ளிப்போய் மறுபடியும் போட்டுக்கொள்வேன்.

ஆடு மேய்க்கிற அம்மா ஒருவர் மூன்று நாள் பார்த்துவிட்டு நான்காம் நாள் வழிமறித்தார். "சாமிக்கு வேண்டிக்கினியாம்மா?"

காலையிலிருந்து விளக்கம் சொல்லிச் சொல்லி அலுத்திருந்தேன். "ஆமாங்க," என்றேன்.

"எந்த சாமி?"

சுற்றிலும் பார்த்தேன். மேற்கே கல்வராயன் மலை நீலமாகத் தெரிந்தது. "மலை மேல இருக்கற சாமி."

அது நான் செய்த தப்பு. செவ்வாய்க்கிழமை நூலக வாசலில் நிறுத்தியிருந்த சைக்கிளின் முன் லைட்டுக்கு யாரோ மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்திருந்தார்கள். வெளிச்சம் பாதியாகக் குறைந்துபோயிற்று. துடைத்தால் தப்பாகிவிடுமோ என்று அன்று முழுக்க அப்படியே ஓட்டினேன். வீட்டுக்கு வந்து, மலையைப் பார்த்து மன்னிப்புக் கேட்டுவிட்டு, ஈரத்துணியால் துடைத்தேன்.

இத்தனை நடந்தும் என் கணவர் லைட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. காலையில் பஸ் என்னைக் கடக்கும்போது முன் படியில் நின்றுகொண்டு டிக்கெட் மெஷினையே பார்த்துக்கொண்டிருப்பார். காரணம் அடுத்த வாரம்தான் தெரிந்தது. புத்தகம் திருப்பிக் கொடுக்க வந்த ஒரு கல்லூரிப் பெண் சொன்னாள். அவள் வரும் பஸ்ஸின் கண்டக்டர் என் கணவர் என்பது அவளுக்குத் தெரியாது.

"அக்கா, காலையில பஸ்ஸுல உங்க பேச்சுதான். 'யாருப்பா அது, பகல்ல லைட்டு போட்டுக்கினு போவுது?'ன்னு ஒருத்தர் கேட்டாரு. 'யாரோ டீச்சர் போல'ன்னாரு கண்டக்டர்."

யாரோ டீச்சர். அவள் கொடுத்த புத்தகத்துக்கு முத்திரை குத்தும்போது சத்தம் கொஞ்சம் ஜாஸ்தியாகவே கேட்டது.

அன்று சாப்பிடும்போது, "கண்டக்டர் சாருக்கு இன்னொரு தோசை வைக்கலாமா?" என்றேன்.

அவர் உடனே புரிந்துகொண்டார். "கூட்டத்துல இன்னான்னு சொல்றது? எங்க வூட்டம்மான்னா, ஏன் எதுக்குன்னு உளுந்தூர்பேட்டை வரைக்கும் கேட்டுக்கினே வருவாங்க. நான் டிக்கெட் குடுக்க வேணாமா?"

"குடுங்க சார்," என்றேன். நான்கு நாள் அவரை சார் என்றே கூப்பிட்டேன். அவர் இரண்டாவது தோசை கேட்பதை நிறுத்திக்கொண்டார்.

ஐந்தாம் நாள் காலையில் சைக்கிளை எடுத்தபோது லைட்டு எரியவில்லை. ராத்திரி அவர் என் லைட்டைப் பிடுங்கிப் போட்டுவிட்டுத் தன் போனைச் சார்ஜில் போட்டிருக்கிறார். நேரமாகிவிட்டதால் அப்படியே கிளம்பினேன். வழியில் ஒருவரும் விரலை விரிக்கவில்லை. நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். ஆனால் எதிரே ஒரு வேன் வரும்போதெல்லாம் நானாகவே மண்ணில் இறங்கிக்கொண்டேன்.

புளியமர வரிசையில் பஸ் வந்தது. என்னைக் கடக்காமல், வேகத்தைக் குறைத்து என் பக்கத்தில் வந்து நின்றது. டிரைவர் எங்கள் இரண்டு பேருக்கும் மூத்தவர், என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"இன்னா தங்கச்சி, இன்னிக்கி லைட்டு எரியல?"

"சார்ஜ் இல்லைண்ணே."

"அது எரிஞ்சா அந்த வளைவு திரும்பறப்பவே நீ வர்றது தெரிஞ்சுடும். நானும் ஸ்பீடைக் கம்மி பண்ணிடுவேன். இன்னிக்கி கிட்ட வந்தப்புறம்தான் தெரியிற. பயந்துட்டேன்."

பஸ்ஸில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் என் பக்கம் எட்டிப் பார்த்தார்கள். டிரைவர் உள்ளே திரும்பிச் சத்தமாகச் சொன்னார்: "ஏம்பா, உன் வூட்டம்மாதானே? ராத்திரி சார்ஜ் போட்டு வைக்கக் கூடாதா?"

அத்தனை தலையும் என்னை விட்டுவிட்டுக் கண்டக்டர் பக்கம் திரும்பியது. என் கணவர் விசில் ஊதினார். பஸ் நகரவில்லை. இன்னொரு தடவை ஊதினார்.

"அப்ப அந்த டீச்சர்?" என்று உள்ளே யாரோ கேட்பது காதில் விழுந்தது. மூன்றாவது விசிலுக்கு டிரைவர் கியரைப் போட்டார்.

சாயங்காலம் என் கணவர் எனக்கு முன்பே வீட்டுக்கு வந்துவிட்டார். இரண்டு லைட்டும் சார்ஜில் இருந்தன. அவருடைய போன் அணைந்துபோய் அலமாரி மேல் கிடந்தது.

"உளுந்தூர்பேட்டை வரைக்கும் கேட்டாங்களா?" என்றேன்.

"இறங்கிப் போறவங்க, புதுசா ஏறறவங்ககிட்ட சொல்லிட்டு இறங்கறாங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. சார்ஜில் இருந்த லைட்டை நேராகத் திருப்பி வைத்தார்.

"வெக்கமா இருந்துதுதான். இல்லேன்னு சொல்லல. ஆனா அது மட்டும் இல்ல. இருபது வருசமா அந்த ரோட்டுல போய் வந்துக்கினு இருக்கேன். எங்கெங்க யார் யார் விழுந்தாங்கன்னு எனக்குத் தெரியும். உன் லைட்டு மினுக்கு மினுக்குன்னு வர்றப்ப அதெல்லாம் ஞாபகம் வருது. அதான் மெஷினைப் பாத்துக்கினு நிப்பேன்."

இதை அவர் முதல் வாரமே சொல்லியிருக்கலாம். நானும் கேட்டிருக்கலாம். அவருக்கு இரண்டு தோசை சேர்த்து வைத்தேன். சார் என்று கூப்பிடவில்லை.

கண்டக்டர் வீட்டம்மா என்று தெரிந்துபோனதில் எனக்கு ஒரு கூடுதல் வேலையும் சேர்ந்துகொண்டது. பஸ்ஸைப் பற்றிய புகாரெல்லாம் நூலகத்துக்கு வர ஆரம்பித்தன. பாட்டுச் சத்தம் ஜாஸ்தி என்று ஒருவர், பின் ஸீட்டில் கம்பி குத்துகிறது என்று இன்னொருவர். மலையிலிருந்து சாமையும் புளியும் கொண்டுவந்து சந்தையில் விற்கிற அம்மா ஒருவர் படியேறி வந்து, புத்தகங்களை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "உங்க வூட்டுக்காரர்கிட்ட சொல்லுங்க. ஓடைப் பாலத்தாண்ட நிறுத்த மாட்றாரு. மூட்டையோட அவ்ளோ தூரம் நடக்க முடியல."

அதை ஒரு தாளில் எழுதிக்கொண்டுபோய் அவரிடம் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு, "அது ஸ்டாப்பே இல்ல," என்றார்.

இரண்டு நாள் கழித்து, காலையில் நான் ஓடைப் பாலத்தை நெருங்கும்போது அங்கே பஸ் நின்றுகொண்டிருந்தது. என் கணவர் இறங்கி நின்று, ஒரு மூட்டையைத் தூக்கிப் படியில் வைத்துக்கொண்டிருந்தார்.