ஊதாப்பூவுக்கு வந்த ரோகம்

எலெக்ட்ரானிக் சிட்டியில் எங்கள் அபார்ட்மென்ட் கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு புதர்ச்செடி நிற்கிறது. நான் வாங்கி நட்டது. இலைகள் மேலே பளபளப்பு, கீழே வெளிர்பச்சை. பூவுக்கு, அடியில் ஒன்றாக ஒட்டிய ஐந்து இதழ்கள். மகரந்தத் தாளோ நான்குதான். கத்தரிக்காய்க் குடும்பத்தில் பிறந்துவிட்டு இவ்வளவு மிடுக்கும், மேம்பாலத்துப் புழுதியை மீறி வரும் இந்த மணமும் எங்கிருந்து வந்ததோ! முதல் நாள் ஊதாவாக மலரும், மறுநாள் வெளிறும், மூன்றாம் நாள் வெள்ளை. தாவரவியல் படித்துவிட்டு சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் காலம் தள்ளும் எனக்கு, படித்த படிப்பில் மிஞ்சியது அந்தச் செடிதான்.

அசோசியேஷன் செயலாளருக்கு அந்த வெள்ளைதான் உறுத்தியது. பூவின் இயல்பே அதுதான் என்று நான் சொன்னதை, கன்னடம் கலந்த தமிழில் மறுத்தார்.

"சும்னே ஏதோ சொல்லாதீங்க மேடம். கலர் போவுதுன்னா ரோகம்தான். என் ரோஜாவுக்கும் ஒட்டிக்கும். ஞாயித்துக்கெழம தோட்டத்து மாலி வந்து புடுங்கிடுவான்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வாயால் சொல்லிப் பயனில்லை, எல்லாப் பூவும் மூன்றே நாளில் வெளுப்பதைக் கண்ணால் பார்க்கட்டும் என்று கல்லூரியில் செய்தபடி செய்தேன். அன்று மலர்ந்த பூக்கள் சிலவற்றின் காம்பில் அடையாளத்துக்கு நூல் கட்டினேன். தையல் டப்பாவில் அகப்பட்டது சிவப்பு நூல்.

அங்கேதான் கோட்டைவிட்டேன். மறுநாள் காலை ஆபீஸ் கேபுக்கு இறங்கி வந்தால், செடியின் அடியில் மஞ்சளும் குங்குமமும். கிளையெல்லாம் யார் யாரோ கட்டிய சிவப்பு நூல். என் பூ எது என்று எனக்கே தெரியவில்லை. இரண்டாவது மாடி அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு நின்றிருந்தார்.

"யாரோ வேண்டிக்கினு கட்டியிருக்காங்கம்மா. சக்தி இல்லாமலா கட்டுவாங்க?"

சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியாமல் கேபில் ஏறினேன்.

ஞாயிற்றுக்கிழமை மாலி கடப்பாரையோடு வந்து, நூல்களைப் பார்த்துவிட்டுத் தயங்கி நின்றார். செயலாளர் குனிந்து ஒரு பூவையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் அதைச் சுட்டிக் காட்டினார்.

"மேடம், மக விசாவுக்காக வெள்ளிக்கெழம நான் கட்டினது இது. அப்ப நல்ல ஊதா. இன்னிக்கி பாருங்க, வெள்ள வெளேர்னு! அம்மன் ஒத்துக்கினா, இல்ல?"

நிறமி, மூன்று நாள் கணக்கு, எல்லாம் நுனிநாக்கு வரை வந்துவிட்டன. மாலி இன்னும் கடப்பாரையைக் கீழே வைக்கவில்லை.

"ஆமா சார்," என்றேன். "ஒத்துக்கிட்டா."