காது எட்டியது

தையல் கற்றுக்கொண்டால் மனிதர்கள் திருந்திவிடுவார்கள் என்று அன்றைய சர்க்கார் நம்பியது. சேலத்துக்கு மேற்கே, தண்டனை பெற்ற பெண்களை வைத்துத் திருத்துவதற்கென்று ஒரு செட்டில்மெண்ட் இருந்தது. புதன்கிழமைதோறும் என் அம்மா அங்கே போய்த் தையல் சொல்லிக்கொடுத்தாள். அதே அம்மாவிடம் வீட்டில் தையல் கற்ற நான் இன்றுவரை திருந்தவில்லை என்பது வேறு விஷயம்.

எனக்கு ஆறு வயது. கூடவே போவேன். அங்கே எடப்பாடிப் பக்கத்துக் கைதி ஒருத்திக்கு ஒரு பெண் குழந்தை இருந்தது. புருஷன் திருடி வந்த அண்டாவில் தண்ணீர் பிடித்து வைத்தது அவள் குற்றம். இன்னும் மூன்று வருஷம் பாக்கி. ஐந்து வயதுவரை பிள்ளை தாயோடு இருக்கலாம். பிறகு, தாயின் குணம் ஒட்டிக்கொள்ளாமலிருக்க, மதராஸில் ஏதோ விடுதிக்கு அனுப்பிவிடுவார்கள். பிறந்த தேதி யாருக்கும் தெரியாது. ஆகவே சூப்பிரண்டு பள்ளிக்கூடத்து வழக்கத்தையே வைத்திருந்தார்: வலது கை தலைக்கு மேலாகப் போய் இடது காதைத் தொட்டால் ஐந்து. இரண்டு முறை சோதித்தார், எட்டவில்லை.

“எப்படீங்க எட்டும், நாலுகூட முடியலீங்க” என்றாள் தாய்.

விதியெல்லாம் அம்மா பிற்பாடு சொன்னது. அன்று எனக்குத் தெரிந்தது, அந்தப் பிள்ளைக்குக் காதைத் தொடத் தெரியவில்லை என்பது மட்டும்தான். தலையைக் கொஞ்சம் சாய்த்துத் தோளைத் தூக்கினால் விரல் எட்டிவிடும். நாலரை வயதில் நான் ஒன்றாம் வகுப்புக்குள் நுழைந்ததே அந்தத் தந்திரத்தால்தான். துணி மூட்டைகளுக்குப் பின்னால் உட்காரவைத்து ஒரு மத்தியானம் முழுக்கப் பழக்கினேன். கெட்டிக்காரப் பிள்ளை.

மறு புதன் சூப்பிரண்டு வந்தார். “எங்கே பாப்பா, காதைத் தொடு.”

தொட்டது. தொட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தது. நான் கை தட்டினேன். “ஐந்து” என்றார் அவர், கிளார்க்கிடம்.

தாய் மகளின் கையை மெல்லப் பிடித்து இறக்கினாள். “ஆருங்க சாமி சொல்லிக் குடுத்தது?”

“நான்தான்.”

மகளின் கலைந்த தலைமயிரை ஒதுக்கிவிட்டாள். “நல்லாத்தான் சொல்லிக் குடுத்திருக்கீங்க.”

வீடு வரும்வரை அம்மா வாய் திறக்கவில்லை. தன்னைவிட நான் நல்ல வாத்தியார் என்ற பொறாமை என்று நினைத்துக்கொண்டேன். அந்தப் பாராட்டை அப்பாவிடமும் வகுப்பிலும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அடுத்த புதன்கிழமை, பிள்ளைக்கு இனி எதைக் கற்றுக்கொடுப்பது என்று யோசித்தபடியே போனேன். காணவில்லை. எங்கே போய்விட்டாள் என்று அவள் தாயிடமே கேட்டேன்.