முட்டாத கன்னுக்குட்டி

பென்னலூர்ல யார் வூட்டுல மாடு கன்னு போட்டாலும் என் ஓரகத்தி ஏலவார்குழலியைத்தான் கூப்புடறாங்க. எனக்கு வயிறு எரியுது. அஞ்சு மாடு வெச்சிருக்கிறவ நான். அவளுக்கு ஒண்ணே ஒண்ணு. அப்படி இன்னா பெருசா பண்றா? ஊட்ட வுடறப்போ கன்னுக்குட்டி மடியை முட்டுதான்னு பாக்கறா, அவ்ளோதான். முட்டாம சும்மா நின்னா சீக்கு வரப்போவுதாம்.

இந்தத் தொண்ணூத்தொண்ணு ஆடியில ஒருநாள் காலையில என் தொழுவத்தை எட்டிப் பாத்து, "அக்கா, உன் கன்னுக்குட்டி முட்டல. இன்னிக்கே டாக்டர்கிட்ட காட்டு"ன்னா.

"உன் கொள்ளிக்கண்ணுதாண்டி பட்டுச்சு, போ"ன்னு அவளைத் தொரத்திட்டு, மொளகா சுத்திப் போட்டேன். மறுநாள் கழிச்சல் கண்டுச்சு. மூணாம் நாள் கன்னுக்குட்டி செத்துப்போச்சு.

அவ ஒரு வார்த்தை சொல்லிக் காட்டல. என் வூட்டைத் தாண்டறப்போ மட்டும் தலையைத் திருப்பிக்கினு போறா.

இப்ப இன்னொரு மாடு கன்னு போட்டிருக்கு. அவ வர்ற நேரமா பாத்து, தெருவிலேயே கட்டி ஊட்ட வுடறேன். எதிர் வூட்டுக் கன்னுக்குட்டிகிட்ட நின்னு நிதானமா பாக்கறா. என்னுதுகிட்ட வந்ததும், பாவி, தலையைத் திருப்பிக்கிறா.