பட்டன் அக்கா எழுதிய ‘அது’

ஓடிப்போனாள் என்று யார் சொன்னது? அவள் நடந்துதான் போனாள். பட்டப்பகலில், செருப்பை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு படியாக இறங்கிப் போனாள். டைரியில் எவனைப் பற்றியோ எழுதி மாட்டிக்கொண்டாளாம். வாய் கூசாமல் சொல்லித் திரிகிறாள் மேல்வீட்டுக்காரி. அந்த டைரியை வாசிக்கக் காதாரக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தவளே அவள்தான். தூ! நடந்ததைக் கேளுங்கள்.

பட்டன் அக்காவுக்குச் சலவைக்கடையில் வேலை. வெளுக்க வரும் துணியில் பட்டன் போயிருந்தால் தைப்பாள், கிழிசலை மூட்டுவாள், பொத்தலை அடைப்பாள். அதனால் வந்த பெயர். ஊர் அழுக்கெல்லாம் முதலில் அவள் மடிக்குத்தான் வரும். காலரில் பிசுக்கு, அக்குளில் மஞ்சள், பைக்குள் மூக்கைச் சிந்திச் சுருட்டிய காகிதம். அவள் முகம் சுளித்ததில்லை. “இதுல என்னம்மா இருக்கு? துவைச்சா போயிடும்” என்பாள் முதலாளியம்மாவிடம்.

துவைத்தும் போகாதது வீட்டில் இருந்தது. கல்யாணமாகிப் பதினோரு வருடம். காலையில் காறித் துப்பும் மனுஷன், துப்பிய இடத்தில் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்ற மாட்டான். வெட்டிய நகத்தை அவள் தலையணையிலேயே விட்டுப் போவான். கேட்டால், “ஊர் அழுக்கைத் தொடுறவளுக்குப் புருஷன் அழுக்கு நாறுதோ?” என்பான். அவள் நகத்தைப் பொறுக்கிப் போட்டுவிட்டுச் சாப்பிட உட்காருவாள். தொண்டையில் உருண்டையாக ஏதோ அடைக்கும், சாப்பாடு இறங்காது. டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை என்றார்.

ஒருநாள் வெளுக்க வந்த கோட்டுப் பைக்குள் ஒரு டைரி இருந்தது. போன வருடத்தது; உள்ளே ஓர் எழுத்துகூட இல்லை. கோட்டுக்காரர் வேண்டாம் என்றுவிட்டார். முதலாளியம்மா அதை அவள் பக்கம் தள்ளினாள்.

“வாய்ல வராததைக் கையால எழுதேன்டி. தினம் நாலு வரி. குடியா முழுகிடும்?”

அச்சடித்த கிழமையை அடித்துவிட்டு அன்றைய கிழமையைப் போட்டாள். ‘அவர் நகம் வெட்டினார்’ என்று எழுதியதும் கை நின்றுவிட்டது. அந்த ‘ர்’ குமட்டியது. மரியாதை கொடுக்கிற காரியமா அது? ‘அவன்’ என்று எழுதலாமென்றால் பதினோரு வருடப் பழக்கம் விடவில்லை. கடைசியில், ‘அது நகம் வெட்டியது’ என்று எழுதினாள். படித்துப் பார்த்தாள். களுக்கென்று சிரிப்பு வந்தது. அன்றைக்குச் சாப்பாடு இறங்கியது.

எழுத எழுதக் கண்ணும் கூர்மையானது. நாலு வரி நிரம்ப வேண்டுமே என்று பார்த்ததையெல்லாம் எழுதினாள். குழாய்ச் சொட்டு விழுவதற்கு முன் எப்படி நீள்கிறது, எறும்பு வரிசை எங்கே பிரிந்து எங்கே சேர்கிறது என்று. மறுநாள் ஊசியும் அதையே பிடித்துக்கொண்டது. ஒரு சட்டைப் பொத்தலைச் சும்மா அடைக்காமல், கறுப்பு நூலில் எறும்பு வரிசையாக ஓட்டிவிட்டாள். சட்டைக்காரர் சண்டைக்கு வருவார் என்று முதலாளியம்மா நடுங்கினாள். அவரோ பொத்தலே இல்லாத இன்னொரு சட்டையோடு வந்து, “இதுலயும் நாலு எறும்பு விடுங்களேன்” என்றார். அப்புறம் கேட்டு வருகிறவர்கள் கூடிப்போக, கடைக்குப் பின்னால் குப்பை கிடந்த அறையை ஒழித்து அவளுக்குத் தையல் மேசை போட்டுக் கொடுத்தாள் முதலாளியம்மா.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வந்தாள். ஊசி தேடுகிறேன் என்று அலமாரியைக் கலைத்து, பட்டன் டப்பாவுக்கு அடியிலிருந்து டைரியை எடுத்தாள். மேல்வீட்டுக்காரி வம்பு கேட்க வந்து சப்பணமிட்டிருந்தாள். அடுப்படியிலிருந்து பட்டன் அக்கா ஈரக்கையோடு வருவதற்குள் நாத்தனார் உரக்க வாசிக்க ஆரம்பித்துவிட்டாள்.

“‘அது எழுந்தது. உடம்பைச் சொறிந்தது. சுற்றிலும் இறைத்துத் தின்றது. ஈரத்தோடு படுக்கையில் ஏறியது.’ எந்த வீட்டு நாய் அண்ணி இது?”

புருஷன்தான் எல்லோரையும் விடப் பலமாகச் சிரித்தான். “கடை நாயா இருக்கும். உதைச்சு வெரட்ட வேண்டியதுதானே!”

“‘அது சோபாவில் சாய்ந்தது. என் பேனா மூடியால் காது குடைந்தது. குடைந்ததை முகர்ந்து பார்த்தது.’”

சிரிப்பு நின்றது. எல்லோரும் அவன் பக்கம் திரும்பினார்கள். பேனா மூடி அப்போதும் அவன் காதுக்குள்தான் இருந்தது.

முதலில் வெடித்துச் சிரித்தது மேல்வீட்டுக்காரிதான். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள்.

“புருஷனை அதுன்னா எழுதுறே?” அவன் குதித்தான். “இனிமே எழுத மாட்டேன்னு கடைசிப் பக்கத்துல எழுது. கையெழுத்துப் போடு. இல்லேன்னா இதை அடுப்புல போட்டுடுவேன்.” காதிலிருந்த மூடியை உருவிப் பேனாவில் மாட்டி நீட்டினான்.

“ஒரு வரிதானே அண்ணி. எழுதிக் குடுத்துட்டுச் சாப்பாட்டைப் போடுங்க” என்றாள் நாத்தனார்.

ஒரு வரிதான். அதை எழுதினால் எறும்பும் போகும், சொட்டும் போகும். நாளைக் காலையில் வாயை மூடிக்கொண்டு அந்த எச்சிலைக் கழுவ வேண்டும். பேனாவைப் பார்த்தாள். மூடியின் நுனியில் காதழுக்கு மஞ்சளாக ஒட்டிக்கொண்டிருந்தது.

“பேனா வேணாம். உங்க காதுக்கே வச்சுக்குங்க.”

டைரியைப் பிடுங்கினாள், நாத்தனாருக்கு இழுத்துப் பிடிக்கக்கூடத் தோன்றவில்லை. துணியில் குறி போடும் பென்சிலை எடுத்து, கிழமையைத் திருத்தி, நின்றபடியே எழுதினாள்: ‘ஞாயிறு. அது கத்தியது. நான் கிளம்பினேன்.’

பட்டன் டப்பாவையும் எடுத்துக்கொண்டாள். வாசலில், அவள் செருப்பின் மேல் அவன் வெட்டிப் போட்ட நகம் ஒன்று கிடந்தது. உதறிவிட்டு மாட்டிக்கொண்டு, படியிறங்கினாள்.