மாப்பிள்ளையின் தலை

பெண் வீட்டார் எங்களை வோபர்னிலுள்ள தங்கள் வீட்டுக்கு அழைத்தது சம்பந்தம் பேசவல்ல, மாப்பிள்ளையின் தலையைச் சோதிக்கத்தான் என்பது தேநீர் வருமுன்பே எனக்கு விளங்கிவிட்டது. மேசையில் ரோல்ஸ், வடை, கேக். பையனுக்கு நேரெதிரே பெண்ணின் தாய்மாமனை உட்கார வைத்திருந்தார்கள். அவர் மருந்துக்கடையில் வேலை செய்பவர். அந்த வீட்டில் அது டொக்டருக்குச் சமம்.

பையன் என் மனைவியின் தங்கை மகன். பந்தைக் கையில் ஏந்தி ஓடும் வகை ஃபுட்போலில், இந்த நகரத்துத் தொழில்முறை அணியொன்றுக்கு ஃபுல்பேக். அவன் பந்தைக் காலால் உதைப்பவன் என்றே சொந்தக்காரர் பலர் இன்னும் நினைக்கிறார்கள். அவன் வேலை வேறு. பந்தோடு ஓடுகிறவனுக்கு முன்னால் ஓடி, அவனைப் பிடிக்க வருகிறவன்மீது தோளாலும் தலையாலும் மோதி வழி திறக்க வேண்டும். பந்து அவன் கைக்கு வருவது அபூர்வம். மறுநாள் செய்தியில் ஓடியவன் பெயர் இருக்கும். மோதியவன் பெயர் இருக்காது. நானே பல வருடம் விளையாட்டுப் பக்கம் எழுதியவன், எனக்குத் தெரியும். தமிழ்ச் சங்க விழாவில் அவனுக்குப் பொன்னாடை போர்த்திப் படம் எடுத்துக்கொண்டவர்களில் ஒருவர்கூட அவன் ஆடிய ஓர் ஆட்டமும் பார்த்ததில்லை.

அவர்கள் பார்த்தது ஒரேயொரு காணொளி. போன பருவத்தில் தலையில் அடிபட்டு விழுந்தவன் எழுந்து, தன் அணியை விட்டுவிட்டு எதிரணி நின்ற பக்கம் நடந்து போனான். யாரோ அதை ஃபோனில் பிடித்துச் சிரிப்புப் படத்தோடு பரப்பிவிட்டார்கள். பெண் வீட்டாருக்கும் அது போயிருந்தது. அடுத்த பருவத்துக்கான ஒப்பந்தத்தில் அவன் அந்த வாரம் கையெழுத்து வைக்க இருந்தான்.

மாமன் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"தம்பி, சும்மா ஒரு பகிடிக்கு. மாதங்களைப் பின்னாலயிருந்து சொல்லுங்கோ பாப்பம்."

பையன் ரோல்ஸைத் தட்டில் வைத்தான். டிசம்பரில் தொடங்கி ஜனவரி வரை ஒரே மூச்சில் கொட்டினான். கைதட்டினார்கள். மாமன் தானும் சொல்லிப் பார்த்து, செப்ரெம்பருக்குப் பிறகு ஜூலைக்குத் தாவி, எல்லாரையும் சிரிக்க வைத்தார். மாட்டுக்குப் பல் பார்க்கிறவன்கூட இத்தனை கெக்கலிப்போடு பார்ப்பதில்லை.

பெண்ணின் தகப்பன் என் மச்சினியிடம் சொன்னார்: "தலை கிளியராத்தான் இருக்கு. விளையாடட்டும். சீசன் முடிய மண்டபம் பாப்பம். நாலு பேருக்குச் சொல்லவும் எங்களுக்குப் பெருமைதானே."

பெண் மட்டும் சிரிக்கவில்லை. "இதை முந்தியும் சொல்லியிருக்கிறீங்களோ?" என்று அவனைக் கேட்டாள்.

"ஓம். தலையில அடிபட்டா சைட்லைன்ல டொக்டர்மார் இதைத்தான் கேப்பினம். பிழை விட்டா கேமுக்குத் திரும்ப விடமாட்டினம். அதான் டிரைவ் பண்ணேக்க பிராக்டிஸ் பண்றனான்."

"கெட்டிக்காரன்!" என்றார் மாமன்.

கலங்கிப்போன தலையும் ஒப்புவிக்கட்டும் என்றுதான் அவன் அதை மனப்பாடம் செய்திருக்கிறான். அதற்குத்தான் அங்கே பாராட்டு.

"அப்ப கிழமையைச் சொல்லுங்கோ," என்றாள் அவள். "தமிழில. ஞாயிறிலயிருந்து பின்னால."

"ஞாயிறு, சனி, வெள்ளி, வியாழன்..."

நின்றான். "வியாழன்," என்றான் திரும்பவும். கேக்கைப் பார்த்தான். தாயைப் பார்த்தான். மேலுதட்டில் வியர்வை அரும்பியிருந்தது.

மாமன்தான் காப்பாற்றினார். "விடு பிள்ளை! இஞ்ச பிறந்ததுகளுக்குத் தமிழ்க் கிழமை எங்க வரப்போகுது? என்ர மகனைக் கேட்டா, திங்கள் எண்டா சாப்பாட்டுச் சாமானோ எண்டு கேப்பான்."

கூடமே மூச்சு விட்டது. என் மச்சினியும் பிடித்துக்கொண்டாள். "ஓம், உவன் தமிழ் வகுப்புக்கு ஒழுங்காப் போறேல்லை."

ஒவ்வொரு சனியும் அவனை அந்த வகுப்பில் கொண்டுபோய் இறக்கியவள் அவள். "பேச்சுப் போட்டியில முதல் பரிசு எடுத்தவன்," என்றேன். "நான்தான் மேடையில குடுத்தனான். வாற சனி கேமுக்கு வாறியளோ பெரியப்பா எண்டு இப்பவும் தமிழிலதான் கேப்பான்."

"அது சின்னனில, அத்தான்," என்றாள் மச்சினி. என் முகத்தைப் பார்க்கவில்லை.

"ரீ ஆறுது, குடியுங்கோ," என்றார் தகப்பன்.

பெண் விடவில்லை. அவனிடமே கேட்டாள். "எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. விளையாட்டை விடுவீங்களோ?"

"ஒரு சீசன் மட்டும்," என்றான்.

"அப்ப எனக்குச் சரிவராது."

"பிள்ளை, வாயை மூடு," என்றார் தகப்பன். எங்கள் பக்கம் திரும்பிச் சிரித்தார். "நாங்கள் கதைக்கிறம், நீங்கள் யோசியாதேங்கோ."

திரும்பி வரும்போது காரை நான் ஓட்டினேன். மச்சினி பின்னாலிருந்து, பிறம்ரனில் லொறி வேலையில் இருந்த கணவனுக்கு ஃபோனில் நல்ல செய்தி சொல்லிக்கொண்டிருந்தாள். பையன் என் பக்கத்தில்.

"பெரியப்பா, வியாழனுக்கு முந்தி என்ன?"

"புதன்."

"ஓ, யா. புதன்."

"கையெழுத்து வையாதை," என்றேன்.

அவனுக்கு அது கேட்டதோ என்னவோ. தொடையில் விரல்களை மடக்கியபடி ஞாயிறிலிருந்து தொடங்கினான். வியாழனில் நின்றான். புதனைத் தேடி எடுத்தான். மறுபடியும் தொடங்கினான். சிவப்பு விளக்குகளில் நான் நிற்கும்போதும் அவன் நிற்கவில்லை. எங்கள் பக்கமான அஜின்கோர்ட்டுக்குத் திரும்பியபோது மாதங்களைச் சொன்ன அதே வேகம் வந்துவிட்டது.

பின்னாலிருந்து மச்சினி ஃபோனைப் பொத்திக்கொண்டு சொன்னாள்: "பாத்தியளே அத்தான்? எல்லாம் வருது."

"ஓமம்மா," என்றான் அவன். "இனி இதையும் ஆரும் கேக்கலாம்."