பொடியக்கா திருப்பிக் கேட்ட பொட்டலங்கள்

மிளகாய், மல்லி, மஞ்சள் மூன்றையும் வீட்டுப் பின்கட்டில் மெஷின் போட்டு அரைத்து விற்றதால் தெருவுக்கே அவள் பொடியக்கா. கடைப் பாக்கெட்டில் எதைக் கலக்கிறானோ என்று பயந்தவர்கள்தான் அவளிடம் வந்தார்கள். “என் தங்கச்சி சாப்பிடறதைத்தான் உங்களுக்கும் குடுக்கறேன்” என்பாள். அதில் பொய் கிடையாது.

தங்கைக்கு அப்போது ஏழாம் மாதம். இரண்டு முறை கலைந்து, மூன்றாவதாக நின்ற பிள்ளை. சோர்வும் வயிற்றுவலியும் விடவில்லை என்று டாக்டரம்மா ரத்தத்தைச் சோதனைக்கு அனுப்பியிருந்தார். ரிப்போர்ட் வாங்க அக்காவும் கூடப் போனாள்.

“ரத்தத்துல ஈயம் இருக்கும்மா, இருக்கக்கூடாத அளவு. வீட்ல யாராவது பெயின்ட், பேட்டரி வேலை பாக்கறாங்களா?”

“இல்லையே டாக்டர். அவர் துணிக்கடையில இருக்கார்.”

“சில மஞ்சத்தூள்ல கலருக்காக ஈயம் சேக்கறாங்க. நீங்க எங்க வாங்கறீங்க?”

தங்கை பெருமையாகச் சொன்னாள்: “கடைப்பொடியைத் தொடவே மாட்டேன். எல்லாம் எங்கக்கா அரைச்சதுதான்.”

டாக்டரம்மா நிமிர்ந்து அக்காவைப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாகப் பொடியக்கா மஞ்சள் மூட்டையைப் பிரித்து ஒரு கிழங்கை உள்ளங்கையில் உருட்டினாள். மேல்பூச்சு போல மஞ்சள் ஒட்டியது. புதுச் சரக்கு, அதான் இந்த நிறம் என்று இத்தனை நாள் சந்தோஷப்பட்டிருந்தாள். நேரே கிழங்கு வாங்கிய மொத்த வியாபாரியிடம் ஓடினாள்.

“என்னக்கா புதுசாக் கேக்கறீங்க? வெளுத்த கிழங்கை யார் வாங்குவா? பாலிஷ் போடறப்ப ஒரு கை கலர் தூவுவாங்க.”

“என்ன கலர்?”

“அது எனக்கெங்க தெரியும்? பளிச்சுனு வேணும்னு கேட்டது நீங்கதானே?”

கேட்டது உண்மைதான்.

அன்று சாயங்காலமே தெருவில் இறங்கினாள். உண்மையைச் சொல்லத் துணிவு வரவில்லை. “மஞ்சத்தூள்ல பூச்சி விழுந்துடுச்சு, திருப்பிக் குடுத்துடுங்க” என்று நான்கைந்து வீட்டில் சொல்லிப் பொட்டலங்களை வாங்கிவிட்டாள். தையல்காரம்மா மட்டும் மசியவில்லை.

“பூச்சிதானே? சலிச்சுக்கறேன், விடுங்க. உங்க பொடி கலர் வேற எங்க கிடைக்கும்?”

“இல்ல, குடுத்துடுங்க.”

“என்னக்கா நீங்க! பொண்ணுக்கு இருமல்னு தினமும் பால்ல போட்டுக் குடுக்கறேன். நல்லதுன்னு நீங்கதானே சொன்னீங்க?”

பொடியக்கா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். “பூச்சி இல்லம்மா. அதுல ஈயம் இருக்குமோன்னு பயமா இருக்கு. பொண்ணைக் கூட்டிக்கிட்டுப் போய் ரத்தம் பாத்துடுங்க.”

தையல்காரம்மா உள்ளே போனாள். டப்பாவைக் கொண்டுவந்து அவள் கையில் திணித்துவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

பூச்சி என்று சொன்ன வீடுகளுக்கெல்லாம் பொடியக்கா மறுபடி போனாள். சிலர் வாய்க்கு வந்தபடி திட்டினார்கள். ஒருவர் மட்டும் தண்ணீர் கொடுத்து உட்காரச் சொன்னார். அதுதான் அவளை அழ வைத்தது. மறுநாள் பொட்டலங்களையும் மிச்ச மூட்டையையும் உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் இறக்கி, “நான்தான் வித்தேன்” என்றாள். அவள் மெஷினுக்கும் சீல் வைத்தார்கள், வியாபாரியின் கிடங்குக்கும் வைத்தார்கள். கிழங்கில் பூசியிருந்தது ஈயம் கலந்த சாயம்தான் என்று பரிசோதனையில் தெரிந்தது.

தையல்காரம்மாவின் மகளுக்கு ரத்தத்தில் ஈயம் கொஞ்சம் இருந்து, பொடியை நிறுத்தியபின் இறங்கிவிட்டது. தங்கைக்கும் இறங்கிக்கொண்டு வந்தது. மாதம் நிறைந்து ஆண்குழந்தை பிறந்தது. எடைதான் சற்றுக் குறைவு. “இப்ப நல்லாத்தான் இருக்கான். காது கேக்கறது, பேச்சு, நடை எல்லாம் கவனிச்சுக்கிட்டே இருக்கணும்” என்றார் டாக்டரம்மா.

“தெரிஞ்சா செஞ்ச? விடு” என்று தங்கை எத்தனையோ தடவை சொல்லிவிட்டாள். தங்கை புருஷன் மட்டும் அவளைக் கண்டால் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்பிவிடுவார்.

பொடியக்கா தினமும் போகிறாள். தொட்டிலுக்குப் பின்னால் நின்று மெதுவாகக் கை தட்டுகிறாள். குழந்தை தலையைத் திருப்புகிறது. அவளுக்கு மூச்சு வருகிறது. கொஞ்ச நேரம் பொறுத்து அந்தப் பக்கம் போய் இன்னொரு தடவை தட்டுகிறாள்.

“போதும்க்கா” என்கிறாள் தங்கை. “அவன் தூங்கட்டும்.”